முன்னால் இடம் விட்டால் நாலு பேர் நுழைகிறார்களே!

கேள்வி: வயது 41. வீடு வேளச்சேரியில், வேலை சிறுசேரியில். கார் ஓட்டத் தொடங்கிப் பல வருடம் ஆகிறது, இதுவரை ஒரு விபத்தும் இல்லை. ஆனால் ஓ.எம்.ஆரில் ஏறியதுமே எனக்குள் வேறொரு ஆள் வந்து உட்கார்ந்துகொள்கிறான். இண்டிகேட்டர் போடாமல் குறுக்கே புகுகிறவர்கள், ராங் சைடில் எதிரே வருகிறவர்கள், சிக்னல் பச்சை ஆகும் முன்பே பின்னாலிருந்து ஹாரன் அடிக்கிறவர்கள், ஹை பீமை இறக்கவே தெரியாதவர்கள் என்று ஒருவர் விடாமல் திட்டிக்கொண்டே போகிறேன். போன மாதம் கட் அடித்த ஒரு வேனைத் துரத்திக்கொண்டு, ஆபீஸ் திருப்பத்தையும் தாண்டிக் கேளம்பாக்கம் வரை போய்விட்டேன். மனைவி இப்போது என்னோடு காரில் வர மாட்டேன் என்கிறார். பொறுமையாக இடைவெளி விட்டு ஓட்டிப் பார்த்தேன். விட்ட இடத்தில் நாலு பேர் நுழைகிறார்கள், கோபம் இன்னும் ஏறுகிறது. பாட்டு, மூச்சுப் பயிற்சி எல்லாம் ஆகிவிட்டது. டிரைவர் வைத்துக்கொள்வதுதான் வழியா?

பதில்: நீங்கள் கைவிட்ட மருந்துதான் சரியான மருந்து. அதனால் கடைசியில் சொன்ன அந்த நாலு பேரிலிருந்தே தொடங்குகிறேன்.

முன்னால் போகிற வண்டிக்கும் உங்களுக்கும் இரண்டு விநாடி இடைவெளி வேண்டும் என்பது ஓட்டுநர் பயிற்சியில் பாலபாடம். முன் வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டும்போது எண்ணத் தொடங்கினால், நீங்கள் அதே கம்பத்தை அடைய இரண்டு விநாடி ஆக வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அது சுமார் 22 மீட்டர், 60-ல் சுமார் 33 மீட்டர். மழையென்றால் இந்த இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். சென்னையில் இவ்வளவு இடம் காலியாகத் தெரிந்தால் யாராவது நுழையத்தான் செய்வார்கள். நுழையட்டும். உங்களுக்கு என்ன நஷ்டம் என்று கணக்குப் பார்ப்போம்.

ஒரு கார் நடுவே வந்துவிட்டால், பழைய இடைவெளியை மறுபடி உண்டாக்க நீங்கள் சுமார் இரண்டு விநாடி பின்தங்குகிறீர்கள். அவ்வளவுதான். வேளச்சேரியிலிருந்து சிறுசேரி போய்ச் சேருவதற்குள் இருபது பேர் நுழைந்தார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மொத்த நஷ்டம் 40 விநாடி. ஒரு சிவப்பு சிக்னலில் இதைவிட அதிக நேரம் நிற்கிறீர்கள். அந்த இருபது பேரில் பாதிப்பேர் அடுத்த இடது திருப்பத்தில் கழன்றுகொள்வார்கள். பைக்காரர்கள் கணக்கிலேயே வர மாட்டார்கள், வந்த வேகத்தில் போய்விடுவார்கள். எப்போதாவது ஒருவர் நுழைந்ததால் உங்களுக்குப் பச்சை தவறிப்போகும், அதை மறுக்கவில்லை. அப்படியும் தினமும் நீங்கள் நடத்துகிற யுத்தத்துக்கு ஈடான தொகை அங்கே இல்லை.

ஆனால் உங்களுக்கு வலிப்பது நேரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ‘நான் ஏமாளியா?’ என்கிற கேள்வி வலிக்கிறது. பயிற்சிக்கு வருகிற பலரும் இதைத்தான் சுற்றிச் சுற்றிச் சொல்கிறார்கள். பக்கத்து லேன் எப்போதும் நம்முடையதைவிட வேகமாகப் போகிறது என்ற புகாரும் இதோடு சேர்ந்தே வரும். அதில் பாதி கண்ணின் ஏமாற்று. ரெடல்மையர், டிப்ஷிரானி என்ற இரு ஆய்வாளர்கள் 1999-ல் ‘நேச்சர்’ இதழில் இதை விளக்கினார்கள். இரண்டு லேனும் ஒரே சராசரி வேகத்தில் போனாலும், நாம் மற்றவர்களைத் தாண்டுவது சட்டென்று முடிந்துவிடுகிறது. மற்றவர்கள் நம்மைத் தாண்டுவதை நெடுநேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. தாண்டப்பட்டவர்கள் முதுகுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறார்கள், தாண்டியவர்கள் கண் முன்னாலேயே நிற்கிறார்கள். ஆகவே தோற்றுக்கொண்டே இருப்பதுபோலப் படுகிறது.

இடைவெளிக்கு இன்னொரு நியாயமும் உண்டு. ஜப்பானில் சுகியாமா குழுவினர் 230 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு வட்டப் பாதையில் 22 கார்களை விட்டு, எல்லோரையும் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓட்டச் சொன்னார்கள். சிக்னல் இல்லை, பள்ளம் இல்லை, கட் அடிக்கிறவரும் இல்லை. கொஞ்ச நேரத்தில் தானாகவே நெரிசல் உண்டாகி, ஓர் அலைபோலப் பின்னோக்கி நகர்ந்தது. ஒருவர் லேசாகப் பிரேக் மிதிக்க, பின்னால் வந்தவர் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக மிதிக்க, அதற்கும் பின்னால் இருந்தவர் நின்றே போனார். 2008-ல் வெளியான ஆய்வு இது. பம்பரோடு பம்பர் ஒட்டி ஓட்டுகிறவர் யாரையும் நுழைய விடாமல் தடுத்துவிட்டதாக நினைக்கிறார். உண்மையில் தனக்குப் பின்னால் ஒரு நெரிசலைத் தயாரித்துக்கொண்டு போகிறார். முன்னால் இடம் இருக்கிறவர் ஆக்சிலரேட்டரை விட்டாலே போதும், பிரேக்குக்குக் கால் போகாது.

இனி அந்த வேன். 1977-ல் லீ ராஸ் என்ற உளவியலாளர் மனித மனத்தின் ஒரு பழைய கோணலுக்குப் பெயர் வைத்தார். அடுத்தவர் செய்கிற தப்புக்கு அவருடைய குணம் காரணம் என்கிறோம். நாம் செய்கிற தப்புக்குச் சூழ்நிலை காரணம் என்கிறோம். நீங்கள் கடைசி நொடியில் லேன் மாறினால் ‘மெட்ரோ தடுப்பை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறான், நான் என்ன செய்ய?’ வேன்காரர் அதையே செய்தால் ‘திமிர்’. வீதியில் நடக்கும்போது ஒருவர் மேலே இடித்துவிட்டால் அவர் முகத்தைப் பார்க்கிறோம், அவரும் ‘சாரி சார்’ என்கிறார், முடிந்தது. காரில் முகம் தெரிவதில்லை. ஒரு தகரமும் ஒரு நம்பர் பிளேட்டும்தான் தெரிகிறது. தகரத்துக்கு எந்தக் குணத்தை வேண்டுமானாலும் ஏற்றலாம்.

எல்லாரையும் மன்னித்துவிடுங்கள் என்று உபதேசிக்கவில்லை. சிலர் நிஜமாகவே திமிர் பிடித்தவர்கள்தான். யார் திமிர், யார் தடுமாற்றம் என்று வண்டிக்குள் உட்கார்ந்து தீர்ப்பெழுதுகிற வேலை உங்களுடையது இல்லை என்கிறேன்.

நீங்கள் எழுதிய பட்டியலுக்கு வருகிறேன். நம் ஊர் ரோட்டில் சைகைகளுக்கு ஒரே பொருள் கிடையாது, சண்டையில் பாதி அங்கேதான் பிறக்கிறது. ஹாரனுக்கு ‘விலகு’ என்றும் பொருள், ‘பக்கத்தில் வருகிறேன், பார்த்துக்கொள்’ என்றும் பொருள். லாரி டிரைவர் இரண்டாவதைச் சொல்கிறார், உங்கள் காதில் முதலாவது விழுகிறது. ஹெட்லைட்டை இரண்டு முறை மினுக்கினால் இங்கே ‘நில், நான் வருகிறேன்’. வெளிநாட்டில் சில வருடம் ஓட்டிவிட்டுத் திரும்புகிறவர்கள் அதை ‘நீ போ’ என்று எடுத்துக்கொண்டு நடுரோட்டில் வந்து நிற்பார்கள். லாரிக்காரர் வலது இண்டிகேட்டர் போட்டால் வலப்பக்கம் திரும்புகிறாரா, ‘என்னை ஓவர்டேக் பண்ணிக்கோ’ என்கிறாரா என்பது அவருக்கே வெளிச்சம். அந்த இடத்தில் அவசரப்படவே கூடாது. நாற்சந்தியில் நேராகப் போகிறவர்கள் நாலு விளக்கையும் மினுக்குவது இன்னொரு கூத்து. இடப்பக்கம் நிற்கிறவருக்கு ஒரு விளக்கு மட்டும் தெரியும், வண்டி தன் பக்கம் திரும்பப் போகிறது என்று முடிவு கட்டிவிடுவார். அது வண்டி பழுதாகி நிற்கும்போது போட வேண்டிய விளக்கு. நீங்களும் அப்படிச் செய்கிறவர் என்றால் இன்றே விட்டுவிடுங்கள்.

ராங் சைடு பெரும்பாலும் யு-டர்ன் தூரத்தில் இருப்பதால் வருவது. எதிர்ப்பக்கக் கடைக்கு அரைக் கிலோமீட்டர் போய்த் திரும்பி வர வேண்டும் என்றால் டெலிவரி பையன் ஓரமாகவே வந்துவிடுகிறான். சட்டப்படி அது ஆபத்தான ஓட்டம், சந்தேகமே இல்லை. ஆனால் எங்கே வருவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். தினமும் போகிற ரோடு, தினமும் அதே மீடியன் இடைவெளிகள், அதே சாப்பாட்டுக் கடைகள். அந்த இடங்களில் மட்டும் இடது ஓரத்தை விட்டு விலகி ஓட்டினால் போதும். ஷேர் ஆட்டோவும் திடீரென்று நிற்பதில்லை. பிளாட்பாரத்தில் ஒருவர் கையை நீட்டுவதைப் பார்த்தீர்கள் என்றால் அடுத்த மூன்று விநாடியில் ஆட்டோ நிற்கும் என்று சூடம் அடித்துச் சத்தியம் செய்யலாம். எதிர்பார்த்திருந்த விஷயத்துக்குக் கோபம் வருவதில்லை. அப்படி எதிர்பார்க்க நேரம் வேண்டும், அந்த நேரத்தைத் தருவது முன்னால் விட்ட இடைவெளி. ஒட்டி ஓட்டுகிறவருக்கு முன் காரின் டிக்கியைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது, அவருக்கு எல்லாமே திடீர்தான்.

ஹை பீமுக்குப் பதில் ஹை பீம் போடாதீர்கள், இரண்டு குருடர்கள் எதிரெதிரே வருகிற நிலைதான் உண்டாகும். வேகத்தைக் குறைத்து, இடது ஓர வெள்ளைக் கோட்டைப் பார்த்துப் போங்கள். பின்னாலிருந்து கூசினால் உள்கண்ணாடியின் அடியில் இருக்கிற சின்ன நெம்புகோலைத் தட்டுங்கள். முன்கண்ணாடியின் உட்புறத்தைத் துடைத்து எவ்வளவு நாளாயிற்று? அங்கே படிகிற மெல்லிய படலம் ஒவ்வொரு எதிர் விளக்கையும் பூதமாக்கிக் காட்டும். இன்னொன்று: பின் சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் மூட்டையும் ஏறினால் காரின் மூக்கு தூக்கிக்கொள்ளும், லோ பீமே எதிரில் வருகிறவரின் கண்ணில் அடிக்கும். அதற்காகத்தான் ஸ்டியரிங் பக்கத்தில் 0 முதல் 3 வரை எண் போட்ட திருகு பல கார்களில் இருக்கிறது. உங்களைக் கூச வைக்கிறவர்களில் சிலர் ஹை பீமே போட்டிருக்க மாட்டார்கள்.

சிக்னலில் பின்னாலிருந்து அடிக்கிற ஹாரனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் முதல் முறை 1,000 ரூபாய், அடுத்த முறை 2,000 ரூபாய் என்று 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194 எஃப் பிரிவு சொல்கிறது. அப்படியே வசூலித்தால் மாநகராட்சி பட்ஜெட்டே தேவைப்படாது. பின்னால் முட்டிக்கொண்டு வருகிறவரைத் திருத்துவதற்காகச் சும்மா பிரேக்கைத் தட்டிக் காட்டாதீர்கள். உங்கள் முன் இடைவெளியை இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள், வசதி கிடைத்ததும் இடது லேனுக்கு விலகி வழிவிடுங்கள்.

இனிப்பாக இல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அதே சட்டத்தில் ஆபத்தான ஓட்டத்துக்கான 184-ஆம் பிரிவில் ராங் சைடும் சிக்னல் தாண்டுவதும் வருகின்றன. கேளம்பாக்கம் வரை நீங்கள் துரத்தியதும் அதே பிரிவுக்குள் வரக்கூடியதுதான். முதல் முறைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். வேன்காரர் செய்தது ஒரு விநாடித் தப்பு. நீங்கள் செய்தது பல கிலோமீட்டர் நீளத் தப்பு. இனி அப்படி உந்துதல் வந்தால் இடது ஓரத்தில் ஒரு பெட்ரோல் பங்கிலோ டீக்கடையிலோ வண்டியை நிறுத்திவிடுங்கள். எதிராளி உங்களைத் துரத்தினால் கண்ணாடியை ஏற்றிக் கதவைப் பூட்டுங்கள், இறங்காதீர்கள், ஆள் நடமாட்டமுள்ள இடத்துக்கோ போலீஸ் பூத்துக்கோ போய் நிறுத்தி 112-ஐ அழையுங்கள்.

மூச்சுப் பயிற்சி ஏன் பலிக்கவில்லை என்றால், தலைக்கு ஏறிய பிறகு அதைத் தேடியிருப்பீர்கள். உடம்பு முன்கூட்டியே சொல்லும். முதுகு சீட்டை விட்டு எழும்பி ஸ்டியரிங் பக்கம் சாயும், பல் கடிபடும், விரல் முட்டி வெளுக்கும். முதுகு எழும்பியதைக் கவனித்த உடனே திரும்பச் சாய்ந்து, பிடியைத் தளர்த்தி, இழுத்ததைவிட நீளமாக மூச்சை விடுங்கள். அதோடு, திட்டுகிற வாய்க்கு வேறு வேலை கொடுங்கள். பிரிட்டிஷ் போலீஸ் ஓட்டுநர் பயிற்சியில், கண்ணில் படுவதையும் அடுத்துச் செய்யப்போவதையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்ட வைப்பார்கள். ‘இடப்பக்கம் எம்.டி.சி. பஸ், வலது இண்டிகேட்டர், வெளியே வரும், விடுகிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள். தனியாக ஓட்டும்போது யாரும் சிரிக்கப் போவதில்லை. ‘வூட்ல சொல்லிக்கினு வந்தியா?’ என்பதற்கு அந்த நேரத்தில் இடமே இருக்காது.

வீட்டை விட்டுக் கிளம்புகிற நேரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னால் தள்ளுங்கள். தாமதமாகக் கிளம்பிய நாளில் நான் மேலே சொன்ன எதுவும் வேலை செய்யாது. இருபது கிலோமீட்டரை 60-க்குப் பதில் 70-ல் கடந்தாலே மூன்று நிமிடத்துக்குள்தான் மிச்சம், அதுவும் ரோடு முழுக்கக் காலியாக இருந்தால். ஓ.எம்.ஆரில் அது கனவு.

ஒரு மாதம் இதைச் செய்தும் கோபம் அடங்கவில்லை, வீட்டிலும் ஆபீசிலும்கூட அப்படித்தான், தூக்கமும் சரியில்லை என்றால் பிரச்சினை ரோட்டில் இல்லை. மனநல மருத்துவரைப் பாருங்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

டிரைவர் வைப்பது பற்றிக் கேட்டீர்கள். இப்போதைய நிலையில் வேண்டாம். பின் சீட்டில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு, ‘அவனை ஏன்ப்பா உள்ளே விட்டே?’ என்று அவரையும் சேர்த்துக் கெடுப்பீர்கள். ஆபீஸ் பஸ் ஓடுகிறதென்றால் வாரத்தில் இரண்டு நாள் அதில் போய் வாருங்கள். ஜன்னலோர சீட் மட்டும் வேண்டாம்.