டேகேர் செலவுக்கு அரசு உதவி: கிரீன் கார்டு நிலுவையில் இருக்கும்போது கேட்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறோம். கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் உள்ளது. இருவருக்கும் வேலை அனுமதி உண்டு. கணவர் கிடங்கில் வேலை பார்க்கிறார், எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்திருக்கிறது. இங்கே பிறந்த மகளுக்கு மூன்று வயது. டேகேரில் மாதம் 1,500 டாலர் கேட்கிறார்கள். அரசு உதவி வாங்கினால் கிரீன் கார்டு கிடைக்காது என்கிறார்கள் நண்பர்கள். சுற்றுலா விசாவில் வரப்போகும் மாமியார் குழந்தையைப் பார்த்துக்கொண்டால் அந்தப் பணம் அவருக்கு வருமா?

பதில்: மாமியார் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். பாட்டி, அத்தை போன்ற உறவினர் பார்த்துக்கொள்வதற்கும் டேகேர் உதவித் திட்டத்தில் பணம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் சுற்றுலா விசாவில் வந்தவர் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது; இந்தப் பணத்தை வாங்கினால் அது சம்பளம் ஆகிவிடும். வேண்டவே வேண்டாம்.

அடுத்து, தகுதி. சிசிடிஎஃப் எனப்படும் மத்திய அரசின் குழந்தைப் பராமரிப்பு நிதியிலிருந்துதான் மாநிலங்கள் இந்த உதவியைத் தருகின்றன. இதில் குடியுரிமை, குடிவரவு நிலை பார்ப்பது குழந்தைக்குத்தான், பெற்றோருக்கு அல்ல. அந்த வகையில் உங்கள் மகளுக்குத் தடை இல்லை. குழந்தைக்கு 13 வயது ஆகியிருக்கக் கூடாது. பெற்றோர் இருவரும் வேலையிலோ படிப்பிலோ பயிற்சியிலோ இருக்க வேண்டும். வருமானத்துக்கு மத்திய உச்சவரம்பு, உங்கள் அளவுள்ள குடும்பத்தின் மாநில இடைநிலை வருமானத்தில் (பாதிக் குடும்பங்கள் அதற்கு மேலும், பாதி அதற்குக் கீழும் வாங்கும் தொகையில்) 85 சதவீதம். பல மாநிலங்கள் அதற்கும் கீழேதான் வரம்பு வைத்திருக்கின்றன. அதனால் வேறு மாநிலத்தில் இருக்கும் தோழிக்குக் கிடைத்ததை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இன்னொன்று, பெரும்பாலும் பார்ப்பது பிடித்தத்துக்கு முந்தைய சம்பளம். பே ஸ்டப்பில், அதாவது சம்பளச் சீட்டில், மேலே இருக்கும் தொகை அது.

கிரீன் கார்டு பயத்துக்குக் காரணம் ‘பப்ளிக் சார்ஜ்’ விதி. அரசை நம்பியே வாழ்வார் என்று கருதப்படுபவருக்கு கிரீன் கார்டு மறுக்கலாம் என்பது அது. 2022 விதிப்படி, வாழ்க்கைச் செலவுக்கென அரசு தரும் ரொக்க உதவியும், அரசுச் செலவில் நீண்டகாலம் பராமரிப்பு நிலையத்தில் தங்குவதும்தான் அதில் சேரும். டேகேர் வவுச்சர், அதாவது நீங்கள் கேட்கும் இந்த உதவி, சேராது. ஆனால் அந்த விதியையே நீக்கும் முன்மொழிவு 2025 நவம்பரில் வந்தது. அதனால் உதவிக்கான படிவம் கொடுக்கும் முன் உங்கள் குடிவரவு வழக்கறிஞரிடம் அன்றைய நிலவரத்தைக் கேட்டுவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் வேண்டாம்.

சரி, பணம். நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். உதவி கிடைத்துவிட்டால் 1,500-ம் கழிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். டேகேருக்கு மாதம் இவ்வளவுதான் என்று மாநிலம் தனக்கென ஒரு கட்டண விகிதம் வைத்திருக்கும். உதாரணத்துக்கு அது 1,200 என்று வைப்போம். அதில் உங்கள் பங்கு, அதாவது கோபே, 150 என்றால் மாநிலம் 1,050 தரும். மீதி 300? அதையும் பெற்றோரிடம் வாங்கப் பல மாநிலங்கள் டேகேரை அனுமதிக்கின்றன. அப்போது உங்கள் கையிலிருந்து போவது 450. ஆகவே டேகேரில் பேசும்போது “வவுச்சர் எடுத்துக்கொள்கிறீர்களா?” என்பதோடு நிறுத்தாதீர்கள். “விகிதத்துக்கு மேல் எவ்வளவு வாங்குவீர்கள்?” என்றும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

தகுதி இருந்தாலும் உடனே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. மத்திய விதிப்படி தகுதியுள்ள குழந்தைகளில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குத்தான் உதவி சேர்கிறது என்பது 2019 நிதியாண்டுக்கான அரசு மதிப்பீடு. பல இடங்களில் வெயிட் லிஸ்ட் இருக்கிறது. வழக்கறிஞர் சரி என்றதும் தள்ளிப்போடாமல் பெயரைப் பதிந்துவிடுங்கள். மகளுக்கு மூன்று வயது என்பதால், குறைந்த வருமானக் குடும்பக் குழந்தைகளுக்கான மத்திய அரசின் முன்பள்ளித் திட்டமான ஹெட் ஸ்டார்ட்டையும் சேர்த்து விசாரியுங்கள். அது இலவசம், ஆனால் அதன் வருமான வரம்பு இன்னும் குறைவு.

ஒருமுறை அனுமதித்துவிட்டால் குறைந்தது 12 மாதம் ஓடும். இடையில் வேலை போனாலும், வேறு வேலை தேட மூன்று மாதமாவது அவகாசம் தந்த பிறகுதான் நிறுத்தலாம். புதுப்பிக்கும் தேதியை மட்டும் கோட்டை விடாதீர்கள். விட்டால் மறுபடியும் வரிசையின் கடைசியில் நிற்க நேரலாம்.

அப்புறம், கட்டும் ரசீதுகளை எடுத்து வையுங்கள். ஆண்டு வரியில் குழந்தைப் பராமரிப்புச் சலுகை கேட்கும்போது, மாநிலம் கட்டிய பகுதியைக் காட்டக் கூடாது. மேலே சொன்ன உதாரணத்தில் அந்த 450 மட்டும்தான் கணக்கில் வரும்.