ரிங்கோ ஸ்டார் உண்மையிலேயே நல்ல டிரம்மரா, இல்லை பீட்டில்ஸ் என்ற புகழ்பெற்ற ஆங்கில ராக் இசைக்குழுவில் இருந்ததால் வந்த பெயரா?

யூடியூபில் வேகமாக வாசிக்கிறவர்களைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். டிரம்ஸ் முன்னால் ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் கேட்டிருக்க மாட்டீர்கள்.

கும்பகோணம், மாயவரம், மன்னார்குடி வட்டாரத்தில் 11 வருடம் மெல்லிசைக் குழுவுக்கு டிரம்ஸ் வாசித்தவன் நான். பிறவியிலேயே நொட்டாங்கை. சாப்பிடவும் எழுதவும் அப்பாயி அடித்துச் சோத்துக்கைக்கு மாற்றிவிட்டது. குச்சியைப் பிடித்தால் மட்டும் இடது கைதான் முந்தும்.

குழுவின் டிரம் செட் வலக்கைக்காரருக்குப் போட்டது. 9 மணிக்குக் கச்சேரி என்றால் எட்டரைக்குத்தான் வேன் போய்ச் சேரும். எதை மாற்றி வைப்பது? அப்படியே வாசிப்பேன். செட்டில் இருக்கும் சின்ன டாம் டிரம்மிலிருந்து பெரிய டாமுக்கு ரோல், அதாவது விடாமல் உருட்டி அடிப்பது, இறங்கும் இடத்தில் கை சிக்கி, ஒரு நூல் தாமதமாகும். வலங்கைமான் பக்கம் ஒரு வைகாசித் திருவிழாவில், மைக் ஆனில் இருக்கும்போதே மாஸ்டர் "ரோல் ஏன்டா நொண்டுது?" என்று கேட்டார். முன்வரிசையில் என் தங்கையின் மாமனார் வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்புறம்தான் ரிங்கோவைப் பற்றித் தெரிந்தது. அவரும் இடக்கைக்காரர். அவரையும் அவர் பாட்டிதான் வலக்கைக்கு மாற்றினாராம். வலக்கைச் செட்டிலேயே உட்கார்ந்து இடக்கையை முந்தவிட்டு வாசித்தார். அவருடைய ரோல் இன்னொருவருக்கு அப்படியே வராததற்கு அதுதான் காரணம். தன் வாசிப்பில் சிறந்தது என்று அவரே சொல்லும் 'ரெயின்' பாட்டை (1966) ஹெட்போனில் கேளுங்கள்.

சும்மா வந்த இடமும் இல்லை. 13 வயதில் காசநோயோடு சானடோரியத்தில் கிடந்தபோதுதான் கொட்டப் பழகினார். 1962 ஆகஸ்டில் பீட்டில்ஸுக்கு வரும் முன்பே ரோரி ஸ்டார்ம் குழுவில் பெயர் வாங்கியிருந்தார். 1968-இல், தான் சரியாக வாசிக்கவில்லை, மற்ற மூவருக்கும் தான் வேண்டாதவன் என்று மனம் நொந்து விலகிப் போனார். திரும்பி வந்தபோது அவர் டிரம்ஸைப் பூவால் அலங்கரித்து வைத்திருந்தார்கள். இதைப் படித்த அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

என்னை அவரோடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வேகத்தில் அவரை மிஞ்சியவர்கள் உண்டு, சரி, ஒத்துக்கொள்கிறேன். பாட்டுக்கு வேண்டியதை மட்டும் வாசித்துவிட்டுக் கையை அடக்குவது வேகத்தைவிடக் கஷ்டம்.

என் மகளும் இடக்கை. அவள் போகும் டியூஷனில் எல்லா நாற்காலிக்கும் எழுதும் பலகை வலப்பக்கம்தான். உடம்பைத் திருகிக்கொண்டு எழுதி, முதுகு வலிக்கிறது என்கிறாள். போய்க் கேட்டால் "அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லுங்க" என்கிறார்கள். மாதாமாதம் ஃபீஸ் வாங்குகிறார்களே, ஒரே ஒரு நாற்காலி மாற்றிப் போட எவ்வளவு ஆகிவிடும்?