சர்க்கரைச் சோதனை இரண்டாம் முறை எதற்கு?

கேள்வி: எனக்கு ஆறாம் மாதம் நடக்கிறது. மூன்றாம் மாதத்தில் குளுக்கோஸ் குடித்துப் பார்த்தபோது சர்க்கரை இல்லை என்றார்கள். மறுபடியும் பார்க்கச் சொல்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சர்க்கரை நோய் கிடையாது. இது அவசியமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அவசியம்தான். கர்ப்பம் வளர வளர நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுப்பதால், தொடக்கத்தில் சரியாக இருந்த அளவு 24 முதல் 28 வாரங்களுக்குள் உயரக்கூடும். குடும்பத்தில் எவருக்கும் இல்லை என்பது இதற்குக் காப்பாகாது. நம் அரசு மருத்துவமனைகளில் 75 கிராம் குளுக்கோஸைச் சுமார் 300 மில்லி தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் செய்து, 2 மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்கிறார்கள்; அளவு 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் என்று கொள்கிறார்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. காலையிலேயே பேருந்து பிடித்து வருபவர்களுக்கு இது பெரிய நிம்மதி. அந்தத் தித்திப்பு சிலருக்குக் குமட்டும். குடித்த 30 நிமிடங்களுக்குள் வாந்தி எடுத்துவிட்டால் செவிலியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், வேறொரு நாளில் திரும்பச் செய்வார்கள். நோய் உறுதியானாலும் அஞ்ச வேண்டாம். பலருக்கு உணவு மாற்றமும் நடைப்பயிற்சியுமே போதுமானவை. பிரசவமாகி 6 வாரங்கள் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். கைக்குழந்தையோடு அலைய முடியாமல் பெரும்பாலும் விட்டுப்போவது அந்தச் சோதனைதான்.