காலேஜ்ல சொல்லலாமான்னு கேட்ட பெருந்துறைத் தம்பிக்கு

தம்பி, நீங்க கேட்டதை முதல்ல மத்தவங்களுக்கும் புரியற மாதிரி சொல்லிடறேன். உங்களுக்குப் பெருந்துறைப் பக்கம். எம்.எஸ். படிக்க அமெரிக்கா போய் மூணு வாரம் ஆச்சு. எட்டாவது படிக்கறப்ப கோயமுத்தூர்ல பார்த்து டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிக்க எழுதச் சிரமப்படற கற்றல் குறைபாடுன்னு சொன்னாங்க. இன்ஜினியரிங் மூணாம் வருசம், கவனம் ஒரு இடத்துல நிக்காத ஏ.டி.எச்.டி.யும் இருக்குன்னு தெரிஞ்சுது. இதை அங்க காலேஜ்ல சொல்லலாமா, சொன்னா விசாவுக்கு வம்பு வருமா, மார்க் சீட்டுல ஏறிடுமான்னு கேட்டிருக்கீங்க. சொந்தபந்தம் ஒறம்பரைக்குத் தெரிஞ்சா நல்லா இருக்காது, யார்கிட்டயும் சொல்லாதேன்னு அப்பா சொல்றதாவும் எழுதியிருக்கீங்க.

சொல்லுங்க. முதல் பரிட்சை வர்றதுக்கு முன்னாடி, இந்த வாரமே போய்ச் சொல்லுங்க.

நான் கோபிச்செட்டிபாளையத்துக்காரி. அமெரிக்கா போய் 21 வருசம் ஆச்சு. இப்ப அம்மாவைப் பார்க்க ஊருக்கு வந்திருக்கேன். இவ்வளவு அடிச்சுச் சொல்றதுக்குக் காரணம் என் பையன். அவனுக்கும் டிஸ்லெக்ஸியா இருக்கறதை நாலாங்கிளாஸ்லயே கண்டுபிடிச்சுட்டாங்க. பன்னெண்டாவது வரைக்கும் எல்லாத்தையும் பள்ளிக்கூடமே பார்த்துக்குச்சு. வருசத்துக்கு ஒருக்கா எங்களைக் கூப்பிட்டு உக்கார வச்சு, இவனுக்கு என்ன உதவி வேணும்னு பேசி எழுதுவாங்க. காலேஜ்லயும் அது தொடரும்னு நெனச்சுட்டேன். தொடரலைங்க. குழந்தையைத் தேடிப் பிடிச்சு உதவோணும்கற சட்டம் பள்ளிக்கூடத்தோட முடிஞ்சுது. காலேஜுக்கு வேற சட்டம்: 1973-ல வந்த சட்டத்தோட 504-ஆம் பிரிவும், 1990-ல வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டமும். அதுப்படி மாணவன் தானாப் போய், எனக்கு இது இருக்கு, இன்ன உதவி வேணும்னு கேக்கோணும்.

அவன் கேக்கலை. "புது இடம்மா, இங்க யாருக்கும் தெரிய வேண்டாம்"னான். முதல் செமஸ்டர்ல கெமிஸ்ட்ரி போச்சு. நான் பதறிப்போய், இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு உதவி பண்ணக் காலேஜ்ல இருக்கற ஆபீசுக்குப் போன் பண்ணினேன். பையன் எழுத்துல சம்மதம் குடுக்காம உங்ககிட்டப் பேச முடியாதுன்னுட்டாங்க. 1974-லயே ஒரு சட்டம் இருக்குது, காலேஜ்ல சேர்ந்துட்டா தன்னோட பதிவுகள் மேல பிள்ளைக்குத்தான் உரிமை. ஃபீஸ் கட்டற எங்களுக்கே சொல்ல மாட்டாங்களான்னு அன்னைக்கு அழுதேன். அடுத்த செமஸ்டர் அவனே போய் எழுதிக் குடுத்தான், இன்ன உதவி குடுக்கோணும்னு ரெண்டு வாரத்துல லெட்டர் வந்துச்சு. ஆனா தோத்த பரிட்சை தோத்ததுதான். லெட்டர் வந்த நாள்ல இருந்துதான் எல்லாம் செல்லும், பழசைத் திருத்த மாட்டாங்க. இந்த வாரமேன்னு நான் சொன்னது அதுக்குத்தான்.

விசாவை நெனச்சுப் பயப்படாதீங்க. அந்தச் சட்டங்க குடியுரிமை பார்க்கறதில்லை, எஃப்-1 மாணவர் விசாவுல வந்தவங்களுக்கும் உண்டு. பரிட்சையில கூடுதல் நேரம் வாங்கறதுக்கும் விசாவுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. மார்க் சீட்டுலயோ டிகிரியிலயோ ஒரு வரி வராது. வாத்தியாருக்குப் போற லெட்டர்ல ஒன்றரை மடங்கு நேரம், சத்தமில்லாத தனி ரூம், இந்த மாதிரி உதவிதான் இருக்கும். என்ன குறைபாடுன்னு இருக்காது. ஒண்ணுல மட்டும் ஜாக்கிரதை. பாடம் மலையாட்டத் தெரியுதுன்னு நீங்களா ஒரு பாடத்தைக் கைவிட்டுடாதீங்க. முழுநேரப் படிப்புக்கு வேண்டிய கிரெடிட்டுக்குக் கீழ போயிட்டா அப்பத்தான் விசாவுக்கு ஆபத்து. உடம்பு மனசு காரணமாக் குறைச்சுப் படிக்கவும் வழி இருக்குது, ஒரு டிகிரி நிலைக்கு மொத்தம் 12 மாசம் வரைக்கும். டாக்டரோ உரிமம் உள்ள சைக்காலஜிஸ்டோ குடுத்த லெட்டரோட வெளிநாட்டு மாணவர் ஆபீசுக்குப் போய், அனுமதி கைக்கு வந்தப்புறம்தான் பாடத்தை விடோணும்.

அடுத்தது காகிதம். எட்டாவதுல எடுத்த ரிப்போர்ட் பழசு, சின்னப் பிள்ளைகளுக்கான டெஸ்ட்டுல எடுத்தது; புதுசா வேணும்னு கேட்டாலும் கேப்பாங்க. உதவிக்குக் காலேஜ் காசு வாங்கக் கூடாது, ஆனா டெஸ்ட் செலவு உங்களோடது, அது எச்சாவே ஆகும். சைக்காலஜி டிபார்ட்மெண்ட் இருக்கற காலேஜ்ல சில இடத்துல கம்மியாப் பண்ணுவாங்க, முதல்ல அங்க விசாரிங்க. பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. ஏ.டி.எச்.டி.ன்னு சொல்றதுக்குப் பன்னெண்டு வயசுக்கு முன்னாடியே அதோட அறிகுறி பல இருந்திருக்கோணும், அதை டாக்டர் கேப்பாங்க. அம்மாகிட்டச் சொல்லி பீரோவுல இருக்கற ஒண்ணாவது ரெண்டாவது புராக்ரஸ் கார்டைத் தேடி எடுக்கச் சொல்லுங்க. "கவனம் போதாது", "வேடிக்கை பார்க்கிறான்"னு டீச்சர் செவப்பு மையில எழுதி அன்னைக்கு உங்களுக்கு அடி வாங்கிக் குடுத்திருக்குமே, அந்த வரிதான் இப்ப உங்களுக்குச் சாட்சி. பொதுத்தேர்வுல கூடுதல் நேரம் வாங்கியிருந்தா அந்த உத்தரவும் வேணும். நம்ம நாட்டு 2016-ஆம் வருசச் சட்டத்துல இருக்கற 21 வகைக் குறைபாட்டுல கற்றல் குறைபாடும் ஒண்ணு, ஏ.டி.எச்.டி. அதுல தனியா இல்லை. அங்க ரெண்டுக்குமே உதவி கேக்கலாம்.

மாத்திரை சாப்பிடறீங்களான்னு எழுதலை. ஏ.டி.எச்.டி.க்குக் குடுக்கற மெத்தில்ஃபெனிடேட்னா அங்க ரொம்பக் கட்டுப்பாடு. பழைய சீட்டை வச்சுத் திரும்ப வாங்க முடியாது, ஒவ்வொரு தடவையும் டாக்டர் புதுசா எழுதோணும். கையில இருக்கறது தீர்றதுக்கு முன்னாடியே டாக்டரைப் பாருங்க. கூட இருக்கற பையன் பரிட்சைக்கு ஒண்ணு கேட்டா குடுத்துடாதீங்க, அது குற்றம்.

லெட்டர் பரிட்சைக்கு உதவும். தினப்படி பொழப்பு வேற. நாமக்கல், ராசிபுரம் பக்கம் ஹாஸ்டல் ஸ்கூல்ல படிச்ச பசங்களை நான் அங்க நிறையப் பார்த்திருக்கேன். அஞ்சு மணிக்குப் பெல்லு, ஸ்டடி, டெஸ்ட், மறுபடி ஸ்டடின்னு யாரோ நாளைக் கட்டிப் போட்டிருந்தாங்க. அந்தக் கட்டுதான் இத்தனை நாள் உங்களைத் தாங்கியிருக்கும். அங்க அது இல்லை. வாரத்துக்கு மூணு கிளாஸ், மீதியெல்லாம் வெறும் நேரம். ஏ.டி.எச்.டி. இருக்கறவங்க விழறது அந்த வெறும் நேரத்துலதான். சிலபஸ்ல இருக்கற தேதி பூராவையும் ஒரே நாள்ல போன்ல ஏத்துங்க. ரூம்ல தனியாப் படிக்காதீங்க. ஒரு ஃப்ரெண்டோட லைப்ரரியில எதிரெதிரா உக்காந்து அவங்கவங்க வேலையைப் பாருங்க, பேச வேண்டாம், பக்கத்துல ஆள் இருந்தாலே போதும். என் பையன் பாடத்தைப் போன்ல வாசிக்க விட்டு, நடந்துக்கிட்டே கேட்டுத்தான் படிச்சான். அம்பது பக்கம் கண்ணால படிச்சா பத்தாம் பக்கத்துலயே தலைவலி வந்துரும் அவனுக்கு. புத்தகத்தைக் கேக்கற மாதிரி குடுங்கன்னு அந்த ஆபீஸ்லயே கேக்கலாம், சேர்த்துக் கேளுங்க.

அப்பா சொல்றதுக்கு ஒண்ணு சொல்லோணும். எனக்கு ஒரு தம்பி. படிச்சதைச் சொல்லச் சொன்னா கடகடன்னு சொல்லுவான், எழுதச் சொன்னா எழுத்தெல்லாம் இடம் மாறிப் போகும். டிஸ்லெக்ஸியாங்கற வார்த்தையே எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது. ஆனா ஒறம்பரை அவனைச் சும்மா விடலை. சோம்பேறி, மக்குன்னு பேர் வச்சாங்க. வாத்தியார் அடிச்ச அடியில பதினொண்ணாவதோட நின்னுட்டான். இன்னைக்கு எட்டுத் தறி ஓட்டறான், மெஷின்ல எந்தச் சத்தம் மாறினாலும் தூரத்துல இருந்தே சொல்லிடுவான். போன வருசம் என் பையனோட ரிப்போர்ட்டைப் படிச்சுக் காட்டினேன். "இது நான்தானுங்க்கா"ன்னான். அப்புறம் ரொம்ப நேரம் பேசவே இல்லை.

அப்பாகிட்ட இதை நீங்க சொன்னா எடுபடுமான்னு தெரியலை. அடுத்த மாசம் வரைக்கும் நான் கோபியிலதான் இருக்கேன். பெருந்துறை ஒண்ணும் தூரம் இல்லை. சரின்னு சொன்னீங்கன்னா என் தம்பியையும் கூட்டிக்கிட்டு ஒரு நாள் பொழுதோட உங்க வீட்டுக்கு வர்றேன். புராக்ரஸ் கார்டையும் அப்பவே ஸ்கேன் பண்ணி அனுப்பிடறேன்.