கோவளத்தில் கிடைத்த நாற்காலி

அன்புள்ள அக்காவுக்கு,

சென்ற மாதம் குடும்பத்துடன் கேரளத்தின் கோவளம் சென்றிருந்தேன். வெளிநாட்டவரும் வசதி படைத்தவர்களும் வரும் ஊர் என்பதால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்களோ என்ற தயக்கத்துடன்தான் போனேன். ஆனால், சேலை நனைய அலையில் நின்றுவிட்டு வந்த அம்மாவுக்கு ஓர் உணவகத்துக்காரர் நாற்காலி எடுத்துப் போட்டார். எதையும் வாங்கச் சொல்லவில்லை. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைகள் ஏன் இப்படி வளரவில்லை? வலை காயப்போடுவதையும் மீன் உலர்த்துவதையும் அப்புறப்படுத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். எங்கள் ஊர்க் கடலோரத்தில் ஒரு ரிசார்ட் வரப்போகிறது என்கிறார்கள். அதன் பிறகாவது நிலைமை மாறுமா? அப்பாவையும் கோவளத்துக்கு அழைத்துச் செல்ல ஏற்ற மாதம் எது?

- ஒரு வாசகர், குளச்சல் அருகிலிருந்து

அன்புள்ள தம்பி,

உங்கள் அம்மாவுக்கு நாற்காலி போட்ட அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும். அப்பாவை டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் அழைத்துச் செல்லுங்கள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அங்கே கடல் மூர்க்கமாக இருக்கும். சிவப்புக் கொடி பறந்தால் அவரை நீரில் இறங்க விடாதீர்கள்.

வலையையும் மீனையும் அப்புறப்படுத்த வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை. குளச்சலுக்கு அருகில் பிறந்த ஒருவர் இதை எப்படி எழுதினீர்கள்? கோவளத்துக்கு முதலில் பெருமை சேர்த்தது திருவிதாங்கூர் அரச குடும்பம் கட்டிய ஹால்சியன் மாளிகைதான் என்பார்கள். இருக்கலாம். ஆனால் 1970களில் இலங்கைக்குப் போகும் வழியில் ஹிப்பிகள் வந்து இறங்கியபோது அது ஒரு மீனவச் சிற்றூர். அந்நியரைக் கண்டு முகம் சுளிக்காத ஊராக அது இருந்ததால்தான் அவர்கள் தங்கினார்கள், மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். நீங்கள் அனுபவித்த மரியாதையைப் பழக்கத்தில் வைத்திருந்தவர்களையே கரையிலிருந்து அகற்றச் சொல்கிறீர்கள்.

என் அம்மா கடவத்தில், அதாவது பெரிய ஓலைப்பெட்டியில், மீன் சுமந்து விற்றவர். ஒரு நாள் விற்று முடித்த அலுப்பில், வெறும் கடவத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு விடுதியின் முன்னால் மணலில் உட்கார்ந்தார். நானும் உடனிருந்தேன். காவலாளி வந்து, விருந்தினர்களுக்கு நாற்றம் அடிக்கிறது, எழுந்து போ என்றான். அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்தார். பாதி வழி வந்த பிறகுதான், "அலை வந்து நனைக்கிற மண்ணுக்கு இவனுக்கு எவன் பத்திரம் எழுதிக் கொடுத்தான்?" என்று கேட்டார்.

எவரும் எழுதிக் கொடுக்கவில்லை, தம்பி. மத்திய அரசு 1991 பிப்ரவரியில் வெளியிட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில், இரண்டு கடற்கரை விடுதிகளுக்கு இடையே, பொதுமக்கள் கடலுக்குச் செல்வதற்காகக் குறைந்தது 20 மீட்டர் அகலத்துக்கு இடம் விடப்பட வேண்டும் என்று இருக்கிறது. 2011ஆம் ஆண்டு அறிவிக்கையிலும் இந்த விதி உண்டு. சொந்த நிலத்துக்கு வேலி போட்டாலும் அந்த வேலி மக்கள் கடலுக்குப் போவதைத் தடுக்கக் கூடாது. கடவம் சுமந்தவர்களில் எத்தனை பேருக்கு இதை யாராவது படித்துக் காட்டினார்கள்?

கரையில் நின்று கரமடி வலை இழுப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டு, வள்ளத்தில் வலையைக் கொண்டுபோய் அரைவட்டமாக வளைத்து, மறுமுனையைத் தொலைவில் கரைக்குக் கொண்டுவருவார்கள். பிறகு இரு பக்கமும் நிற்பவர்கள் இழுத்துக்கொண்டே ஒருவரை ஒருவர் நெருங்கி வர, கடைசியில் மடி மணலில் ஏறும். இதற்கு நீண்ட, திறந்த மணற்பரப்பு வேண்டும். நடுவில் ஒரு சுவரோ, வரிசையாக நட்ட குடைகளோ வந்தால் அந்தத் தொழில் அன்றோடு முடிந்தது. ஏற்கெனவே நம் மாவட்டத்தில் கடலரிப்பைத் தடுக்கக் கல்லைக் கொட்டிக் கொட்டிப் பல ஊர்களில் வள்ளம் ஏற்றவே மணல் இல்லை. சொத்தவிளை, சங்குத்துறை, முட்டம் என்று மணல் மிஞ்சியிருக்கும் இடங்களைத்தான் விடுதி கட்டுகிறவர்களும் தேடி வருவார்கள்.

ரிசார்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் பிள்ளைகளுக்கு அதில் வேலை கிடைத்தால் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அது வந்தால் நிலைமை மாறுமா என்று என்னிடம் கேட்பதை விட்டுவிட்டு, அக்டோபர் 2 அன்று நடக்கும் கிராமசபைக் கூட்டத்துக்குச் செல்லுங்கள். அம்மாவையும் அழைத்துப் போங்கள். அந்த ரிசார்ட்டின் வரைபடத்தில் கடலுக்குப் போகும் பொதுவழி எங்கே இருக்கிறது, கரமடிக்கும் வலை காயப்போடவும் எவ்வளவு மணல் விடப்பட்டிருக்கிறது என்று கேட்டு, கேட்டதைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். என்ன பதில் சொன்னார்கள் என்பதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா