எம்.பி.ஏ. கடனா, ஞாயிற்றுக்கிழமை ஸ்டீயரிங்கா?

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா பேசினார். மகனுக்கு 23 வயது. பி.காம். முடித்து, ஒரு தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் கணக்கு எழுதுகிறான். பி.எஃப். உண்டு, ஞாயிறு லீவு. அந்த லீவு நாளில் சரக்கு வண்டி ஓட்டப் போகிறேன் என்கிறானாம். கோயம்புத்தூர் மாமாவுக்கு இது பொறுக்கவில்லை. "டிரைவர் ஆகவா டிகிரி படிக்க வைத்தீர்கள்? நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்?" என்று சத்தம் போட்டு, தனக்குத் தெரிந்த கல்லூரியில் எம்.பி.ஏ. சீட்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் கட்டவும் வைத்துவிட்டார். மொத்தம் ஆறு லட்சம், பாங்க் லோன்.

அம்மா, உங்களுக்குப் பயம் வர வேண்டியது அந்த ஆறு லட்சத்தை நினைத்துத்தான். நாலு லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் கேட்டால் ஒரு பங்கை நீங்கள் கையிலிருந்து போட வேண்டும். அவன் படிக்கும் காலத்திலேயே வட்டி ஏற ஆரம்பித்துவிடும். கையில் இருக்கும் வேலையும் போய்விடும், இரண்டு வருடச் சம்பளமும் போய்விடும். படித்து வந்தபின் இதைவிட நல்ல வேலை கிடைக்கும் என்று மாமா எழுதிக் கொடுப்பாரா?

பையனிடம் தனியாகப் பேசிப் பார்த்தேன். எம்.பி.ஏ. என்றதும் செல்போனை நோண்ட ஆரம்பித்தான். பாலாடாவில் கேரட் ஏற்றிய 407 சரக்கு வண்டி மேட்டுப்பாளையத்துக்கு எப்படி இறங்குகிறது என்று கேட்டேன். எந்த வளைவில் எந்த கியர் என்று அரை மணி நேரம் சொன்னான். இப்படி ஆர்வம் உள்ள பிள்ளையை மார்க்கெட்டிங் வகுப்பில் உட்கார வைப்பதற்கு நான் உடன்பட மாட்டேன்.

பாங்க் பரீட்சை, டி.என்.பி.எஸ்.சி. எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விடுங்கள். நான் சொல்ல வருவது ஆக்டிங் டிரைவர் வேலை. சொந்த வண்டி கிடையாது, முதலாளி கிடையாது. ஒருவருடைய டிரைவர் லீவு போட்டால், அன்றைக்கு மட்டும் நீங்கள் ஓட்டிக் கொடுத்து, பேட்டா வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரலாம். நீலகிரியில் இதற்கு ஆள் தேடுவோர் எப்போதும் உண்டு. ஏப்ரல் முதல் ஜூன் வரையும், அக்டோபர், நவம்பரிலும் பச்சைத் தேயிலை கொட்டும். பறித்த இலையைச் சாக்கில் அடைத்து வெகுநேரம் போட்டுவைத்தால் சூடேறிச் சிவந்துவிடும். அதனால் டிரைவர் வரவில்லை என்று இலை வண்டியை நிறுத்தி வைக்க முடியாது. காய்கறி லோடும் அப்படித்தான், விடிவதற்குள் மண்டியில் இருக்க வேண்டும்.

லைசென்ஸ் விஷயத்தில் பலருக்குக் குழப்பம். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தெளிவாகச் சொல்லிவிட்டது: மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை ஓட்ட, கார் ஓட்டும் எல்.எம்.வி. லைசென்ஸே போதும். லோடோடு சேர்த்த அந்த எடை வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் இருக்கும். குட்டி யானை, பிக்கப், 407 எல்லாம் இதற்குள் வந்துவிடும். சரக்கு வண்டிக்கு 20 வயது ஆகியிருக்க வேண்டும், இவனுக்கு ஆகிவிட்டது. ஆகவே முதல் ஒரு வருடம் புதிய லைசென்ஸுக்கு ஒரு பைசா செலவழிக்க வேண்டாம், இந்தச் சின்ன வண்டிகளே போதும். பிடித்திருந்தால் அப்புறம் பெரிய லாரிக்கு எல்.எல்.ஆர். போடலாம். எல்.எம்.வி. எடுத்து ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும். டாக்டர் சான்றும், டிரைவிங் ஸ்கூலில் பயிற்சி முடித்த சான்றும் கேட்பார்கள்.

மலையில் ஓட்டுவது தனி வித்தை. இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர்களும், இன்ஜினையே ஆஃப் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். இன்ஜின் நின்றால் பிரேக்குக்கு வரும் பவர் உதவியும் நின்றுவிடும், பெடல் கல்லாகிவிடும். ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். பிரேக் கருகும் வாசனை வந்தால் அகலமான இடம் பார்த்து ஒதுங்கி ஆறவிட வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது. ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். அனுபவப்பட்ட ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நாள் கூட வராமல் தனியாக லோடு இறக்க விடாதீர்கள்.

இனி நான் விட்டுக்கொடுக்காத விஷயங்கள். பகலில் ஆபீஸ், அன்று ராத்திரியே மேட்டுப்பாளையம் டிரிப் என்பது கூடவே கூடாது. மோட்டார் தொழிலாளருக்கே ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் என்று சட்டம் சொல்கிறது. இவன் அந்த எட்டு மணி நேரத்தை ஃபேக்டரியிலேயே முடித்துவிட்டு வருகிறான். ஞாயிறு பகல் மட்டும் ஓட்டட்டும். வண்டி வாங்குகிறேன் என்று கிளம்பினால் உடனே தடுங்கள். தவணை, இன்சூரன்ஸ், வண்டிக்கு எட்டு வருடம் தாண்டினால் வருடா வருடம் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, வளைவுகளில் தேயும் டயர், கிளட்ச் எல்லாம் உண்டு. வாரம் ஒரு நாள் ஓட்டி இதைக் கட்ட முடியாது.

சாவியை வாங்கும் முன் வண்டியின் இன்சூரன்ஸும் எஃப்.சி.யும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்சூரன்ஸில் வரும் 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு, வண்டியின் சொந்தக்காரர் ஓட்டினால்தான். ஆக்டிங் டிரைவருக்கு அது கிடையாது. பாங்கில் வருடம் 20 ரூபாய்க்கு இரண்டு லட்சம் விபத்துக் காப்பீடு போடலாம், அதோடு தனியாக ஒரு பாலிசியும் எடுங்கள். ஃபேக்டரியில் கொடுத்த அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் வேறு வேலை பார்க்கக் கூடாது என்று இருந்தால் மேனேஜரிடம் எழுத்தில் அனுமதி வாங்கட்டும். நாளைக்கு அரசு வேலை கிடைத்தால் இதை விட வேண்டியதுதான், அனுமதி இல்லாமல் வேறு வேலை பார்க்க அங்கே விடமாட்டார்கள்.

பெண் கொடுப்பது பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை. கடன் இல்லாத மாப்பிள்ளைக்கு மலையில் பஞ்சம் என்று மட்டும் கேள்விப்படுகிறேன்.

அப்புறம் அந்தப் பத்தாயிரம். வகுப்பு தொடங்கும் முன் சீட்டை வேண்டாம் என்றால், அதிகபட்சம் ஆயிரம் ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது இத்தகைய படிப்புகளுக்கு அனுமதி தரும் ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி. ஒரிஜினல் சான்றிதழ்களையும் பிடித்துவைக்கக் கூடாது. மாமாவை விட்டுப் பேசச் சொல்லாதீர்கள். பையனே கடிதம் எழுதி, ரசீது நகலோடு இந்த வாரமே ஸ்பீட் போஸ்டில் அனுப்பட்டும்.