சுரங்கத் தொழிலில் உற்பத்தியையும் கூட்டி, சுற்றுச்சூழலையும் காப்பாற்ற முடியுமா?

முடியும். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற பதில் என்னிடம் இல்லை. கேள்விக்குக் கீழே 'ட்ரோன், சென்சார், செயற்கை நுண்ணறிவு இவற்றைக் கொண்டு' என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். அதைப் பார்த்தால் மைனிங் இன்ஜினியரிங் கடைசி வருடம் போலத் தெரிகிறது. ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டிய தேதி நெருங்கியிருக்கும், கைடு 'சுற்றுச்சூழல் பற்றி ஒரு அத்தியாயம் சேர்த்துவிடு' என்று சொல்லியிருப்பார். தப்பாக ஊகித்திருந்தால் மன்னியுங்கள்.

நான் இருப்பது உப்பூர் பக்கம். ராமநாதபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டிக்குப் போகும்போது தேவிபட்டினம், திருப்பாலைக்குடி தாண்டி வரும். எங்கள் ஊர்ப் பிள்ளையாருக்கே வெயிலுகந்த விநாயகர் என்றுதான் பெயர். வெயிலை விரும்புகிற சாமி இருக்கிற ஊரில் வேறென்ன தொழில் நடக்கும்? குத்தகைக்கு எடுத்த பன்னிரண்டு ஏக்கரில் உப்பளம் வைத்திருக்கிறேன், அப்பா காலத்திலிருந்து.

'உப்பளம் எப்படி ஐயா சுரங்கமாகும்' என்று யாராவது கிளம்பி வருவார்கள், தெரியும். 2008ஆம் ஆண்டின் தேசியத் தொழில் வகைப்பாட்டை எடுத்துப் பாருங்கள். உப்பு எடுப்பதைச் சுரங்கம், குவாரி என்ற பிரிவில்தான் போட்டிருக்கிறார்கள், எண் 0893. கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனபோது இது விவசாயமா, தொழிற்சாலையா என்று அவர்கள் குழம்பியதால் நானே தேடிப்பிடித்த எண் அது. எண் கிடைத்தது, கடன் கிடைக்கவில்லை. குத்தகை நிலம், அடமானத்துக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்துப்போனது உங்களுக்கு நினைவிருக்கலாம். ஊருணி வறண்டு, வயல் எல்லாம் வெடித்துக் கிடந்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உப்பளக்காரனுக்கு அது கொண்டாட்டம். வழக்கமாக மழை விட்டு, பாத்தியை மிதித்துச் சரிசெய்து, உப்பு எடுக்க மார்ச் ஆகிவிடும். அந்தத் தடவை, 2017 ஜனவரி கடைசியிலேயே உப்பு விளைய ஆரம்பித்துவிட்டது. எனக்குப் பேராசை வந்ததும் அப்போதுதான்.

உப்பளம் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கடல் தண்ணீர் எங்கள் கணக்கில் 3, 3½ டிகிரி. தண்ணீர் எவ்வளவு அடர்த்தி என்று சொல்லும் அளவு அது. போமே டிகிரி என்று புத்தகத்தில் இருக்கும், நாங்கள் வெறும் டிகிரி என்போம். பெரிய பாத்தியில் தேக்கி, வெயிலும் காற்றும் சுண்ட வைக்க வைக்க டிகிரி ஏறும். 13, 14க்கு மேல் ஜிப்சம் அடியில் படியும். 25ஐத் தாண்டும்போது பத்துக் குடம் தண்ணீர் ஒரு குடமாக வற்றியிருக்கும், அங்கேதான் உப்பு விளையத் தொடங்கும். 29, 30 வந்துவிட்டால் நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பிறகு பாத்தியில் மிஞ்சுவது மக்னீசியமும், கொஞ்சம் பொட்டாசியமும் புரோமினும் கலந்த கசப்புத் தண்ணீர். அதை வெளியேற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் கட்டுவதுதான் முறை. மொத்தத் தொழிலும் இவ்வளவுதான், சரியான தண்ணீரைச் சரியான நேரத்தில் சரியான பாத்திக்கு அனுப்புவது.

நான் என்ன செய்தேன் என்றால், கசப்புத் தண்ணீரை வெளியேற்றவே இல்லை. அதன் மேலேயே புதுத் தண்ணீரைக் கட்டினேன். பாத்தியைக் காலிசெய்து திரும்பக் கட்ட ஆறு பேருக்கு அரை நாள் கூலி ஆகும், இரண்டு நாள் வெயிலும் வீணாகும் என்பது என் கணக்கு. அதோடு ராத்திரியிலும் டீசல் பம்பை ஓடவிட்டு போர்வெல்லில் இருந்து உப்புத் தண்ணீரை இழுத்தேன். நிலத்தடித் தண்ணீர் கடல் தண்ணீரைவிடக் கூடுதல் டிகிரி என்பதால் சீக்கிரம் விளையும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மாதத்துக்கு ஒரு தடவை கூடுதலாக உப்பு வாரலாம். நோட்டில் எழுதிப் பார்க்கும்போது ரொம்ப அழகாக இருந்தது.

எங்கள் அளத்தில் முப்பது வருடமாக உப்பு வாரும் ஒரு பெரியம்மா இருக்கிறார். ஒருநாள் காலையில் பாத்தியில் கையை விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"தண்ணி வழுவழுங்குது அப்பு. தெறந்து விட்ருங்க."

"மீட்டர்ல 27தான் காட்டுது பெரியம்மா."

"மீட்டரு என்னத்தக் கண்டுச்சு? எண்ணெ மாதிரி கையில ஒட்டுது."

எனக்கு எரிச்சல். "அரை நாள் கூலி வேணும்னு சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "ஆமா, கூலியும் வேணும். தண்ணியும் கெட்டுத்தான் போச்சு" என்று சொல்லிவிட்டுப் பலகையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கூலி வேண்டும் என்று ஒருவர் கேட்பதில் என்ன தவறு? அக்டோபரில் இருந்து டிசம்பர் வரை இவர்களுக்கு வேலையே கிடையாது. இப்போது அரசு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் கொடுக்கிறது, அப்போது அதுவும் இல்லை. ஆனால் அன்றைக்கு என் புத்தியில் ஏறியது ஒன்றுதான்: இந்த அம்மா கூலிக்காகப் பேசுகிறார், ஆகவே சொல்வது பொய்.

மீட்டர் என்று நாங்கள் சொல்லும் ஹைட்ரோமீட்டருக்குத் தெரிந்தது தண்ணீரின் அடர்த்தி மட்டும். அந்த அடர்த்தி சாப்பாட்டு உப்பால் வந்ததா, மக்னீசியத்தால் வந்ததா என்று அதற்குச் சொல்லத் தெரியாது. பழைய கசப்புத் தண்ணீர் தேங்கிய பாத்தியில் 27 என்று காட்டினால் அது வேறு 27. ட்ரோன், சென்சார் என்று கேட்டீர்களே, அதற்கான பதில் இங்கேதான் இருக்கிறது. என்னிடமும் ஒரு சென்சார் இருந்தது. அது பொய் சொல்லவில்லை, நான் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

உப்பு வாரி அம்பாரம் போட்டோம், ஏறக்குறைய அறுபது டன். வெள்ளையாகத்தான் இருந்தது. நாலாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் அம்பாரத்தின் அடி கசிந்து தரை நனைந்திருக்கிறது. மக்னீசியம் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கும், ராத்திரி கடல் காற்றுக்குக் கேட்கவே வேண்டாம். வழக்கமாக எடுக்கும் வியாபாரி சாம்பிள் கொண்டுபோய்ச் சோதித்துவிட்டு மக்னீசியம் அதிகம், வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பாதி விலைக்குக் கருவாட்டுக்காரர்களிடம் தள்ளினேன். அதில் தொண்டியில் இருக்கும் என் மச்சானும் ஒருவர். பத்து நாள் கழித்து போன். "மாப்ள, என்ன உப்பு குடுத்தீங்க? மீன் காயவே மாட்டேங்குது, கசக்குது." அந்த வருடம் கோயில் திருவிழாவில்கூட அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை.

மீதி இருந்ததை எப்படித் தேற்றினேன் என்பது உங்கள் ப்ராஜெக்டுக்கு உதவலாம். உப்பை உப்புத் தண்ணீரிலேயே கழுவ வேண்டும். 25 டிகிரித் தண்ணீரில் ஏற்கெனவே உப்பு நிறைந்திருப்பதால் அது மேற்கொண்டு உப்பைக் கரைக்காது, மேலே ஒட்டியிருக்கும் மக்னீசியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகும். நல்ல தண்ணீரில் கழுவினால் உப்பும் போகும், தண்ணீரும் போகும். இது பெரிய அளங்களில் சாதாரணமாகச் செய்வதுதான், என்னைப் போன்ற சின்ன ஆட்கள் கூலிக்குப் பயந்து செய்வதில்லை.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும், விட்டால் யோக்கியன் வேஷம் போடுகிறான் என்பீர்கள். ராத்திரி பம்பு ஓடிய அந்தக் கோடையில் மேற்கே இருக்கும் ஒரு தென்னந்தோப்புக் கிணறு கரித்துப்போனது. என் பம்பால் மட்டும்தான் என்று சொல்ல முடியாது, மழையே இல்லாத வருடம், சுற்றி இன்னும் நாலு போர்வெல் ஓடியது. ஆனால் என் பம்பும் ஓடியது. அப்புறம் அந்தக் கசப்புத் தண்ணீர். அதற்கு முன்பெல்லாம் அதை நேராக ஓடையில்தான் திறந்துவிடுவோம், ஓடை கடலில் சேரும். முகத்துவாரத்தில் வலை போடுகிறவர்கள் குஞ்சு மீன் செத்து மிதக்கிறது என்று பலமுறை சண்டைக்கு வந்திருக்கிறார்கள். பாக் நீரிணையில் கடல்புல் அதிகம், அதை மேய்கிற கடற்பசுவுக்காக 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டருக்குக் காப்பகமே அறிவித்துவிட்டார்கள். நமக்குக் கொஞ்சம் வடக்கேதான். கடல் வேலி போட்ட இடம் இல்லையே.

அடுத்த வருடத்தில் இருந்து 29 டிகிரியில் கறாராகத் திறந்துவிடுகிறேன், ஓடைக்கு அல்ல, ஓரமாக வெட்டிய ஒரு தனிப் பாத்திக்கு. அதற்காக ஒரு ஏக்கரில் பாதியை இழந்திருக்கிறேன். பக்கத்தில் ஆலை இருந்தால் அதிலிருந்து புரோமின், மக்னீசியம் எல்லாம் எடுக்கலாம், என் அளவுக்கு அது கட்டாது. அது பாட்டுக்குக் காய்கிறது. அடியில் படிகிற ஜிப்சத்தைச் சுரண்டி விற்கிறேன், முன்பு வரப்பில் கொட்டுவோம். போர்வெல்லை ராத்திரி தொடுவதில்லை. அமாவாசை, பௌர்ணமிக்குக் கடல் ஏறும்போது மடையைத் திறந்து தேக்கிக்கொள்கிறேன், அப்பா செய்தது அதைத்தான், நான்தான் நவீனமாகப் போகிறேன் என்று மடையை அடைத்து வைத்திருந்தேன். டீசல் செலவு பாதிக்கும் கீழே வந்துவிட்டது. குஜராத்தில் கட்ச் பக்கம் உப்பு எடுப்பவர்கள் டீசலை விட்டு சோலார் பம்புக்கு மாறியிருக்கிறார்கள். எனக்கும் ஆசைதான், வங்கிக் கதையை மேலே சொல்லிவிட்டேன்.

மொத்த உற்பத்தி கூடியதா என்றால், டன் கணக்கில் கொஞ்சம் குறைவுதான். திரும்பி வராத உப்பு என்று பார்த்தால் கூடியிருக்கிறது.

'உப்பு கடலில் இருந்து வருகிறது, தீரவே தீராது, இதைக் கொண்டுபோய்ச் சுரங்கத்தோடு ஒப்பிடலாமா' என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் தெற்கே மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையையும் தீராது என்றுதான் வெட்டினார்கள். சுண்ணாம்புக் காளவாசலுக்கும் வீடு கட்டவும் வண்டி வண்டியாகப் போனது. 21 தீவுகளில் விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் கடலுக்குள் போய்விட்டன. 1986இல் அதைத் தேசியப் பூங்கா ஆக்கியும், பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்க 2001 ஆகிவிட்டது. எங்கள் பழைய வீட்டின் பின்சுவர் அந்தக் கல்தான். யாரையும் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

கடைசியாக ஒன்று, இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் மகள் சென்னையில் இருக்கிறாள். போன தடவை போனபோது சமையலறையில் ஒரு பாட்டில், ரோஸ் கலரில் உப்பு. இமாலய உப்பாம். என் உப்புக்கு ஒரு கிலோவுக்குக் கிடைக்கும் விலையை அந்தப் பாட்டிலின் விலையோடு ஒப்பிட்டால் எனக்கு ரத்தக் கொதிப்பு வந்துவிடும், உப்பைச் சாப்பிடாமலே. உப்பளக்காரன் மகள்! கேட்டால் "அதுல மினரல்ஸ் இருக்குப்பா" என்கிறாள். மினரல் அதிகமான அறுபது டன்னை வாங்க ஆளில்லாமல் நான் அலைந்தது அவளுக்குத் தெரியும்.

கொஞ்சம் காகிதத்தில் மடித்து ஊருக்குக் கொண்டுவந்து பெரியம்மாவிடம் கொடுத்தேன். நாக்கில் வைத்துப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்த நிறம் இரும்புத் துருவால் வருவது என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள், "செம்மண்ணு கலந்திருக்கு அப்பு, சரியாக் கழுவாம வித்துட்டாங்க" என்று சொல்லிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு பாத்திக்கு இறங்கிவிட்டார்.